ஐந்நூற்றுப் பன்னிரண்டு குடம்

சிக்கலில் பட்டறை வைத்திருக்கும் சீனி சேகு
செங்கல் துண்டால் தரையில் படம் போட்டார்.
அட்லஸின் முன்கவையை அறுத்து நீட்டினால்
ஒற்றைச் சக்கரம் போதும்,
நடுவில் பெட்டி, செலவும் கம்மி.
"ஓட்டத் தெரியும்தானே?"
தெரியாது என்றேன்.
படத்தைக் காலால் அழித்தார்.
முன்னால் இரண்டு சக்கரம்,
ஆயிரத்து நூற்று அறுபது கூடுதல்.

அண்ணன்மார் அரைப்பெடல் போட்ட வயதில்
என் இடுப்பில் குடம் இருந்தது.
அப்போது விழாத விழுகைக்கெல்லாம் சேர்த்து
நாற்பத்தோரு வயதில் ரொக்கமாய்க் கட்டினேன்.
பேரம் பேசியதில் அறுபது குறைந்தது.

சைக்கிள் எண்ணூறு.
இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்தது.
யாரோ கேரியரில் ஆணியால்
ப. செ. என்று கீறியிருந்தார்.
அறுத்த கேரியரைத் தராசில் வைத்து
ஐம்பது ரூபாய் கழித்தார் சேகு.
ப. செ. யாரென்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

குழாய் வாங்கிய கதை வேறு.
வாலிநோக்கத்தில் எங்கள் தெருவரைக்கும் பதித்து
காற்றை மட்டும் அனுப்பிய திட்டம் ஒன்று உண்டு;
அதில் மிஞ்சிய குழாய்தான் மலிவு என்றார்கள்.
வாங்கினேன்.
எப்படியோ அந்தக் குழாய்
தண்ணீருக்கு உழைக்கப் போகிறது.

பற்றவைக்கும் அன்று கரண்டு இல்லை.
ஜெனரேட்டர் டீசல் என் கணக்கில்.
தீப்பொறி பார்க்காதே என்றார், பார்த்தேன்,
அன்று இரவு முழுக்கக் கண்ணில் மணல்.
அதற்கு விலை போடவில்லை.

ஆகமொத்தம் ஐயாயிரத்து நூற்று இருபது.
எனக்கு ரூபாயில் யோசிக்க வராது.
மைதீன் பிச்சை டீக்கடையிலும்
உப்பள ஆபீஸிலும் குடம் பத்து ரூபாய்.
ஆக, ஐந்நூற்றுப் பன்னிரண்டு குடம்.
முன்பு நடைக்கு இரண்டு, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று.
இனி பெட்டிக்கு ஒன்பது.
ஐம்பத்தேழு நடை, ஒரு குடம் மீதி.
அந்த ஒரு குடத்தை என்ன செய்வதென்று
சிக்கலிலிருந்து ஊர் வரும்வரை யோசித்தேன்.

ஊற்றுக்குப் போகும்போது கச்சான் முதுகில் தள்ளும்.
ஒன்பது குடத்தோடு திரும்பும்போது
நெஞ்சில் கைவைத்து நிறுத்தும்.
மணல் வந்ததும் இறங்கித் தள்ளணும்.
இறக்கத்தில் பிரேக் கட்டை நனைந்து வழுக்கி
பூமயில் வீட்டு வேலியில் ஒருநாள் நின்றேன்.
மூன்று குடம் நெளிந்தது, ஒன்று கவிழ்ந்தது,
வேலி ஓரத்து ஆமணக்குக்கு யோகம்.

மூன்றாம் வாரம் சங்கிலி சிவந்தது.
பற்றவைத்த இடங்களில் எல்லாம்
வெற்றிலை மென்று துப்பியது போல் துரு.
"எதில் கழுவுகிறாய்?" சேகு போனில் கேட்டார்.
வீட்டுக் கிணற்றில் என்றேன்.
"உப்பு போக உப்பிலா கழுவுவாய்?
நல்ல தண்ணி ஊத்து. தினமும்."

நான் தலைக்கு ஊற்றுவதே உவர்.
சிக்குப் பிடித்த முடியைக் கடைசியில்
ஒரு செம்பு நல்ல தண்ணியால் ஏமாற்றுவேன்.
இப்போது சாயந்திரம் சாயந்திரம்
வண்டிக்கு அரைக் குடம்:
முதலில் சங்கிலி, பிறகு இரண்டு அச்சு,
கடைசியில் கைப்பிடி.

வில்லாயுதம் வாசலில் நின்று பார்த்தார்.
"மனுசனுக்கு இல்லாததை
இரும்புக்கு ஊத்துறியே."
அவர் நேற்று குடித்த தண்ணீர்
எதில் வந்ததென்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
துணியைப் பிழிந்து
ஆரக்கால் இடுக்கில் விட்டுத் துடைத்தேன்.

ஒழுகியதைத் தாம்பாளத்தில் பிடித்து வைத்தேன்.
எண்ணெய் மிதக்கும் அந்தத் தண்ணியை
ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போனது.

நோட்டில் எல்லாக் கணக்கும் முப்பது நாளில் முடிகிறது.
அதன்கீழ் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்:
வண்டி குடித்தது, அரைக் குடம்.
எத்தனை நாளைக்கு என்ற இடத்தில்
பேனா வைத்து எடுத்த புள்ளி மட்டும்.